அடிகளும் அடியேனும்

தமிழ்மொழியின்கண் உயர்வு குறித்து வழங்குஞ் சொற்கள் பலவுள. அவற்றுள், சைவ நன்மக்கள் நாவில் நாடோறும் பயில்வதும், பயிலுந்தோறும் பொருள் நுணுகி நோக்கப்படாது கழிவதுமாகிய சொல் ஒன்றுண்டு. அது ‘அடிகள்’ என்பது. அதனோடு ஒருவேரிற் பிறந்து அதற்கு எதிர்முகமாக நிற்கும் சொல் ‘அடியேன்’ என்பது. முன்னையது பிறரை உயர்த்துவது. பின்னையது தன்னைத் தாழ்த்துவது. இவ்விரண்டும் அடி என்னும் ஒரு சொல்லினின்றே பிறந்தமை யாது கருதி? இவற்றை யார், யாரை நோக்கி, எவ்வுள்ளத்தோடு கூறுதல் அறமாகும்? தகுதியில்லாரை அடிகள் என்றழைப்பது பொய்யாகாதோ? ஒருவனை ‘அடியேன்’ என்று சொல்லும்படி மற்றொருவன் வற்புறுத்துதல் தகுமோ? இவ்வினாக்கள் சொல்லாராய்ச்சி யளவில் நின்றுவிடுவன அல்ல. உயிரின் இயல்பையும், அஃது உய்யும் நெறியையும் தொடுவன. ஆதலின், இவற்றை ஒருசிறிது ஆராய்வாம்.

முதற்கண் இலக்கணம் நோக்குவாம். அடிகள் என்பது, அடி என்னும் உறுப்பின் பெயர் கள் விகுதி பெற்றுப் பன்மையாகி, பின் அவ்வுறுப்பினையுடைய பெரியோரை உணர்த்தி நிற்பது. சினையின் பெயர் முதலுக்கு ஆயினமையின் இதனைச் சினையாகுபெயர் என்னலாம். கள் விகுதியைத் தொல்காப்பியனார் அஃறிணைப் பலவறிசொல்லுக்கு உரியதாக ஓதினார். அடி அஃறிணைப் பொருளாதலின், ஈண்டு அவ்விகுதி வழுவின்றி அமைந்தது. பிற்காலத்தார் அரசர்கள், புலவர்கள் என ரகர வீற்றின்மேலும் கள் சேர்த்து வழங்கும் வழக்கினின்றும் இது வேறாதல் காண்க. ஆகவே, இச்சொல்லில் பன்மையாக்கப்பட்டவர் அப்பெரியோர் அல்லர், அவர்தம் திருவடிகளே. ஆயினும், ‘அடிகள் எழுந்தருளினார்’ என்று இச்சொல் உயர்திணைப் பலர்பால் வினைகொண்டு முடியுங்கால், ஒருவரைப் பலராகக் கூறும் உயர்வுப் பன்மை ஆண்டு வந்துவிடுகின்றது.

இவ்வுயர்வுப் பன்மையைக் குறித்து நம் இலக்கண ஆசிரியர் கூறுவது பெரிதும் சிந்திக்கற்பாலது. ஒருவரைப் பன்மையாற் கூறுதல் வழக்கின்கண் உயர்த்துச் சொல்லுஞ் சொல்லேயன்றி, இலக்கண முறையாற் சொல்லும் நெறியன்று எனத் தொல்காப்பியனார் பிரித்தோதினார். பவணந்தி முனிவரோ, பாலுந் திணையும் இவ்வாறு மயங்கி வருதற்கு உவப்பு, உயர்வு, சிறப்பு, செறல், இழிப்பு என ஐந்து காரணங்களை எண்ணினார். ஈற்றில் நின்ற இரண்டனையும் நோக்குக. செறலாவது சினம், இழிப்பாவது இகழ்ச்சி. மதிப்பினால் ஒருவரைப் பலராகக் கூறலாம். வெகுளியால் எள்ளுதற்கும் அவ்வாறே கூறலாம். சொல்லின் வடிவம் இரண்டிடத்தும் ஒன்றே. ஆகவே, சொல் மதிப்பைத் தாங்கி நிற்கின்றதா, எள்ளலைத் தாங்கி நிற்கின்றதா என்பதை இலக்கணம் அறிவிக்க மாட்டாது. சொல்வோன் நெஞ்சமே அறிவிக்கும். நெஞ்சின்றிச் சொல்லப்படும் உயர்சொல் வெற்றுக் கலம் போல்வது. கலம் எத்துணை அழகிதாயினும் விடாய்த்தவன் நீர்வேட்கையைத் தீர்த்தல் அதனால் இயலாது.

இனி, இச்சொல்லின் ஆட்சியை நோக்குவாம். இது சைவர்க்கே உரியதென்று கருதுதல் கூடாது. சிலப்பதிகாரம் இயற்றிய துறவி இளங்கோவடிகள் எனப்படுகின்றார். அந்நூலில் கோவலற்குங் கண்ணகிக்கும் மதுரைக்கு வழித்துணையாய்ப் போந்த சமணத் தவமூதாட்டி கவுந்தியடிகள். மணிமேகலையில் பௌத்த அறம் உரைக்கும் முதியோர் அறவணவடிகள். இவற்றால், ஆண் பெண் என்னும் வேறுபாடும், இன்ன சமயத்தார் என்னும் வேறுபாடுமின்றித் தவத்தான் மிக்கார்க்கு இச்சொல்லை வழங்குதல் பண்டைத் தமிழர் மரபென்பது புலனாம். வடமொழியாளரும் கௌடபாதர், பகவத்பாதர் எனப் பெரியோர் பெயரோடு பாதம் என்னுஞ் சொல்லை இயைத்து வழங்குவர். தேவாரத்திலோ இச்சொல் இறைவனுக்கே பெருவரவிற்றாக வழங்குகின்றது. சுந்தரமூர்த்தி நாயனார் காவிரியின் வெள்ளம் வழிமறித்தபோது அக்கரையில் எழுந்தருளியுள்ள ஐயாற்றிறைவனை அடிகள் என்னும் பெயரானே பாடல்தோறும் விளித்து ஓலமிட்டனர்.

உடம்பின்கண் தலை உயர்ந்தது, முகம் விளங்குவது, கண் சிறந்தது. அவையெல்லாமிருக்க, பெரியோரை உறுப்புக்களுள் மிகத் தாழ்ந்ததாகிய அடியாற் பெயரிட்டது என்னையெனின், கூறுதும். நிமிர்ந்து நிற்பான் ஒருவனுக்கு எதிரே நிற்பவரின் முகம் தோன்றும். தலைவணங்கி வீழ்ந்தானுக்குத் தோன்றுவது அடி ஒன்றே. ஆகவே, அடிகள் என்னுஞ் சொல் அழைக்கப்படுவாரது உறுப்பைக் கூறுவதன்றி, அழைப்போன் இருக்கும் நிலையையும் உடன்கூறுகின்றது. வணங்கிக் கிடப்பான் தான் கண்டதைக் கொண்டு இட்ட பெயர் இது. உடம்பாலன்றேனும் உள்ளத்தாலேனும் வீழ்ந்தன்றி இச்சொல்லைச் சொல்லுதல் இயலாது. நிமிர்ந்த உள்ளத்தோடு அடிகள் என்பான், தான் காணாததைக் கண்டதாகக் கூறினவனாவான்.

இதுகாறும் கூறியது உலகியல். சித்தாந்த நூல்களில் இச்சொற்குரிய உண்மைப்பொருள் இன்னும் ஆழ்ந்தது. சிவபெருமான் தன்னியல்பில் உருவம் அற்றவன். அவனுக்குத் திருவடி என்று ஓதப்படுவது அவனிற் பிரிவில்லாத அருட்சத்தியே. மனவாசகங் கடந்தார் உண்மைவிளக்கத்தில் கூத்தப்பெருமான் திருவுருவத்துள் ஐந்தொழிலையும் காட்டுமிடத்து, துடியிற் படைத்தலும், அமைத்த கையிற் காத்தலும், தழலில் அழித்தலும், ஊன்றிய திருவடியில் மறைத்தலும், தூக்கிய திருவடியில் அருளலும் உள்ளனவாக உணர்த்தினார். இங்ஙனம் ஐந்தனுள் இரண்டு தொழில் திருவடிகட்கு உரியவாயின. மறைத்தலாவது, உயிர் தன் வினையை நுகர்ந்து மலம் பக்குவமடையுந்துணையும் இறைவன் தன்னைக் காட்டாது நிற்றல். அதுவும் அருளே, காண்பார்க்கு மறமாகத் தோன்றும் அருள். ஆகவே, அடிகள் என்னும் பன்மையில் ஊன்றிய அடியும் தூக்கிய அடியும் ஒருங்கே அடங்கின. குருவாய் வருவாரை அடிகள் என்போமாயின், அவர் இனியன கூறும்போது மட்டுமன்றி, நம்மைக் கடிந்து உரைக்கும்போதும் அச்சொல்லை மாற்றுதல் கூடாது. தூக்கிய திருவடிக்குத் தலைவணங்கி, ஊன்றிய திருவடிக்கு முகந்திருப்புவான் இச்சொல்லிற் பாதியையே அறிந்தவன்.

இனி, அடியேன் என்னும் சொல்லை நோக்குவாம். அடி என்பது முதனிலை. ஏன் என்பது தன்மை ஒருமை விகுதி. யான் என்னும் சொல்லில் தன்மைப் பொருள் தனித்து நிற்கின்றது. அதற்கு முன்னே வேறொன்றில்லை. அடியேன் என்னும் சொல்லிலோ, இறைவன் அடி முன்னிற்க, ‘யான்’ என்பதன் பொருள் விகுதியளவாய் அதனைச் சார்ந்து நிற்கின்றது. விகுதி தனித்து நில்லாது. பகுதியை விட்டகன்றால் அதற்கு வாழ்வில்லை. ஆயினும், அது கெட்டொழியவும் இல்லை. இச்சொல் ஒன்றிலேயே சித்தாந்த முத்திநிலை முழுதும் அடங்கியிருத்தல் காண்க. உயிர் இறைவனிற் கெட்டு ஒன்றாகிவிடுகின்றது என்பாரும், உயிர் தானே இறைவன் என்பாரும், இரண்டும் என்றும் பிரிந்தே நிற்கும் என்பாரும் உளர். நம் ஆசிரியரோ, உயிர் கெடாது, தன் முனைப்பு மட்டும் கெட்டு, திருவடியைச் சார்ந்து நின்று இன்பம் நுகரும் என்ப. உமாபதி சிவாசாரியார் திருவருட்பயனில் இந்நிலைக்குத் தாடலை என்னும் சொற்புணர்ச்சியை உவமை காட்டினார். தாள் என்பதும் தலை என்பதும் புணர்ந்து தாடலை யென்றானபோது, சொல் ஒன்றாய் ஒலிக்கின்றது. பொருள் இரண்டாய் நிற்கின்றது. அங்ஙனமே அடியேன் என்பானும் திருவடியோடு ஒன்றாய், ஆயினும் கெடாதவனாய் நிற்கின்றான்.

இனி, இவ்விரு சொற்கும் உரிய இடவரையறை ஒன்றுண்டு. ஈண்டு முடிவுகட்டுவதற்கு அதுவே திறவுகோல். அடிகள் என்பது முன்னிலைக்கும் படர்க்கைக்கும் உரியது, தன்மைக்கு வாராது. ஒருவன் தன்னையே நோக்கி, ‘அடிகள் வந்தேம்’ என்னின் அது நகைக்கிடமாம். அடியேன் என்பதோ தன்மைக்கே உரியது. முன்னிலைக்கும் படர்க்கைக்கும் வாராது. ஆகவே, உயர்வு பிறர்பால் வைத்தற்கு உரியது. தாழ்வு தன்பால் வைத்தற்கு உரியது. இவ்விடத்தை மாற்றின், அஃதாவது உயர்வைத் தனக்கு விரும்பிக் கேட்பினும், தாழ்வைப் பிறர்மேற் சுமத்தினும், சொல் நிற்கும், பொருள் அழிந்துவிடும். நம் நாயன்மார் வரலாறு முழுதும் இவ்வரையறைக்கு இலக்கியமாய் விளங்குகின்றது.

திங்களூர் அப்பூதியடிகள் திருநாவுக்கரசு நாயனாரைக் கண்ணாற் காணாத காலத்திலேயே, தம் மக்கட்கும், ஆவிற்கும், அளக்கும் கருவிகட்கும், தண்ணீர்ப் பந்தருக்கும் அவர் பெயரையே இட்டு வழங்கினார். அவ்வூர்க்கு எழுந்தருளிய அரசர், பந்தர்தோறும் தம் பெயர் எழுதியிருத்தலைக் கண்டு, ‘நும் பெயரை எழுதாது வேறொரு பெயரை எழுதியது என்னை?’ என்று வினவினார். அப்பெருமையை அறியாது வினவினார் யாரோவென்று அப்பூதியார் வெகுண்டார். அப்போது அரசர், ‘அவன் யானே’ என்று பெருமைதோன்றக் கூறினாரல்லர். புறச்சமயத்திற் கிடந்து, சூலைநோயால் ஆட்கொள்ளப்பட்ட சிறியேன் என்றே தம்மை அறிவித்தார். தம்மை அறிவித்தற்கு அவர் கொண்ட அடையாளம் தம் புகழன்று. தம் நோயும், அதன்வழி வந்த அருளுமே. ஈண்டு இருவரையும் ஒருங்கு நோக்குக. ஒருவர் தம் பொருளினெல்லாம் தம் பெயரை நீக்கிப் பிறர் பெயரை எழுதினார். மற்றொருவர் அங்ஙனம் எழுதப்பட்ட தம் பெயரின் பெருமையைத் தாம் ஏலாது நின்றார். தம் பெயரைத் துடைத்தவரையே உலகம் அப்பூதியடிகள் என்று போற்றுகின்றது. உயர்சொல் வந்தடையும் வழி இதுவேயாம்.

இன்னும், சீகாழியில் ஆளுடைய பிள்ளையாரும் ஆளுடைய அரசரும் முதன்முதற் கண்டபோது நிகழ்ந்ததை அன்பர்கள் அறிவர். ஆண்டில் இளையராகிய பிள்ளையார் மூத்தவரை ‘அப்பரே’ என அழைத்தார். மூத்தவர் ‘அடியேன்’ என விடையிறுத்தார். பின்னொருகால் திருப்பூந்துருத்தியில், பிள்ளையார் எழுந்தருளிவருஞ் சிவிகையைக் கூட்டத்தில் ஒருவராய் அறியாவண்ணம் புகுந்து அரசர் தாங்கிவந்தார். ‘அப்பர் எங்குற்றார்?’ என்று பிள்ளையார் வினவ, சிவிகை தாங்கும் பேறு பெற்று அடியேன் ஈங்கு உள்ளேன் என்றார் அரசர். கேட்ட பிள்ளையார் பதைத்துக் கீழிழிந்து வணங்கப் புக, அவர் வணங்குமுன் அரசர் வணங்கினார். இங்கே தாழ்வை ஒருவர் மற்றொருவர்பாற் கேட்டாரல்லர். கேளாமலே வந்தது, வந்தபோது ஏற்றற்கு அஞ்சினர். ஒருவர் தாழ, மற்றவர் அதனினுந் தாழ முயன்றனர். உலகத்தில் உயர்தற்கே போட்டி கண்டுளோம். தாழ்தற்குப் போட்டி சிவனடியார் கூட்டத்தன்றிப் பிறாண்டுக் காண்டல் அரிது.

அற்றேல், தகுதியுடையாரை அடிகள் என்பது முறையே, வேடம் பூண்ட பொய்யரையும் அவ்வாறு அழைத்தல் பொய்க்குத் துணைபோதலாகாதோ எனின், இத்தடை வலியுடையதே, எளிதில் விலக்கற்பாலதன்று. சிவஞானபோதப் பன்னிரண்டாஞ் சூத்திரம் அடியார் திருவேடத்தையும் திருக்கோயிலையும் சிவனெனவே வழிபடுக என விதிக்கின்றது. திருக்கோவலூரில் மெய்ப்பொருள் நாயனார், நீறுபூசிப் புத்தகக் கவளிகை ஏந்தி, அதனுள் படைமறைத்து வந்த முத்தநாதனை வணங்கினார். அவன் தாம் வணங்கும்போது குத்தியபின்னரும் அவ்வேடத்தையே தொழுதார். மெய்காவலனாகிய தத்தன் வாளோங்க, அவர் நம்மவர் என்று தடுத்து, ஊர்எல்லை கடக்குமளவும் இடையூறின்றிக் கொண்டு விடும்படி அவனையே ஏவினார்.

இவ்வரலாற்றில் இரண்டு நுண்மைகள் உள. ஒன்று, நாயனார் வணங்கியது முத்தநாதனை யன்று; அவன்மேற் கிடந்த சிவவேடத்தை. பொய்யன் பூண்டமையால் திருநீறு பொய்யாகிவிடாது. ஆகவே, அவர் சொல்லிற் பொய்யில்லை. மற்றொன்று, அவ்வணக்கத்திற்கு அவர் கொடுத்த விலை தம் உயிர், பிறர் உயிரன்று. தன் பொருளை, தன் மானத்தை, தன் உயிரை வைத்து ஒருவன் வேடத்தை மதித்தல் அன்பின் முதிர்ச்சி. வேடத்தை மதிக்கின்றேன் என்று கூறிக்கொண்டு, பொய்யன் ஒருவன் ஏழையர் பொருளைக் கவரவும், பேதையர் மனத்தைக் கெடுக்கவும் இடங்கொடுத்திருத்தல் மெய்ப்பொருளார் நெறியன்று. அது பிறர் உயிரைக் கொண்டு தன் பத்திக்கு விலை கொடுப்பதாம். வேடத்தை வணங்குக, தீமையைத் தடுக்க. இவ்விரண்டும் ஒருவன்பால் ஒருங்கு நிற்றல் கூடும். வேடத்தின்மேல் உண்மையில் அன்புடையான், அதனைக் கருவியாக்கிப் பிறரை வஞ்சித்தல் கண்டு வாளாவிரான்.

இனி, இவற்றினும் பெரிய தடை ஒன்றுண்டு. அடியேன் என்னுஞ் சொல்லை அன்பினாற் சொன்னாரும் உளர். அச்சத்தினாற் சொன்னாரும் உளர். உயிர்க்கு வீடளிக்கும் இச்சொல்லையே, மனிதன் மனிதனைக் கட்டும் தளையாகவும் உலகம் பயன்படுத்திற்று. இதனை மறைத்து, சொல்லின் பெருமையை மட்டும் பேசுதல் நேர்மையாகாது.

சேரமான் பெருமாள் நாயனார் வரலாற்றிற் சேக்கிழார் பெருமான் இதனை நுட்பமாக அமைத்துள்ளார். முடிசூடி யானைமேற் பவனிவந்த சேரர், உவர்மண் பொதி சுமந்து எதிரே வந்த வண்ணான் ஒருவனைக் கண்டார். மழையிற் கரைந்த உவர்மண் அவனுடம்பெங்கும் வழிந்து வெளுத்திருந்தது. அதனைக் கண்டதும், மேனிமுழுதும் திருநீறு பூசிய அடியார் திருவேடம் சேரர் நெஞ்சில் எழுந்தது. யானையினின்றும் விரைந்திறங்கிச் சென்று வணங்கினார். வண்ணான் நடுங்கினான், தன்னை யாரெனக் கொண்டீர் என்று வினவித் தான் அடிவண்ணான் என்றான். அரசரோ, தாம் அடிச்சேரன் என்று மறுமொழி தந்து, திருநீற்று வேடத்தை நினைப்பித்தாய், வருந்தாது செல்க என விடைகொடுத்தார்.

ஒரே அடி என்னுஞ் சொல் இருவர் வாயினும் வந்தது. ஆயினும், வண்ணான் சொன்னது அச்சத்தினால். பிறப்பினாலும் தொழிலாலும் தன்மேற் சுமத்தப்பட்டதை அவன் எடுத்துரைத்தான். சேரர் சொன்னது அன்பினால். அவரை அச்சொல் சொல்லும்படி ஏவ வல்லார் அந்நாட்டில் ஒருவரும் இலர். வண்ணான் சொல்லை அவர் வாங்கித் தம் தலைமேல் வைத்துக்கொண்டார். அரசன் தன்னை அடிச்சேரன் என்ற அக்கணமே, அடிவண்ணான் என்பதிலிருந்த இழிவு நீங்கிற்று. இருவரும் சிவபெருமான் ஒருவனுக்கே அடியராய்ச் சமநிலை எய்தினர். ஆண்டானுக்கு அடிமை என்னும் உலகியற் பொருள் கழன்று, சிவனுக்கு அடிமை என்னும் மெய்ப்பொருள் அச்சொல்லிற் புகுந்தது.

இத்துணைப் பெருமை நிகழ்ந்த அம்மலைநாட்டிலேயே, பிற்காலத்தில், தாழ்ந்த வகுப்பார் என ஒதுக்கப்பட்டோர் உயர்ந்தோர் எனப்பட்டார் முன்னிலையில் தம்மை ‘அடியன்’ என்றே கூறுதல் வேண்டும், நான் என்னும் பொருள்படும் பொதுச்சொல்லைக் கூறலாகாது என்னும் கொடுவழக்கு நெடுங்காலம் நிலவிற்று. யான் என்னும் செருக்கை அறுத்தற்கு எழுந்த சொல், யான் என்று சொல்லும் உரிமையையே பறித்தற்குக் கருவியாயிற்று. 1936 ஆம் ஆண்டு நவம்பர் 12 ஆம் நாள் திருவிதாங்கூர் மன்னர் சித்திரைத் திருநாள் அனைவர்க்கும் திருக்கோயிற் கதவைத் திறந்துவிட்டார். 1939 ஆம் ஆண்டு ஜூலை 8 ஆம் நாள் மதுரை மீனாட்சியம்மை திருக்கோயிலிலும் அங்ஙனம் நிகழ்ந்தது. இறைவன் திருமுன்பு சென்று தன் வாயால், தன் உள்ளத்தால், ‘அடியேன்’ என்று சொல்லும் பேறு அன்றே பலர்க்கு வாய்த்தது. அதுகாறும், மனிதர் முன் அச்சொல்லைச் சொல்லும் கடமை அவர்க்கிருந்தது. இறைவன் முன் சென்று சொல்லும் உரிமை இல்லாதிருந்தது. இதனினும் தலைகீழான நிலை யாதுளது?

சிலர், தாழ்ந்து ஒழுகுதல் நல்லதாதலின், பிறரைத் தாழ்ந்தொழுகச் செய்தலும் நன்மையே என வாதிப்பர். அது பொருந்தாது. என்னை? பணிவு அன்பின் செயல். அன்பு வற்புறுத்தலால் வாராது. வற்புறுத்தலால் வருவது பணிவின் வடிவமே. அதனுள் இருப்பன அச்சமும் மறைந்த பகையும். அன்றியும், ஒருவனைத் தாழ்த்துவான் அவன் ஆணவத்தை அறுத்தானல்லன். தன் ஆணவத்தை வளர்த்தானாவான். பிறர் ஆணவத்தை அறுத்தல் இறைவன் திருவருளின் தொழில். அத்தொழிலை மனிதன் மேற்கொள்வது ஆணவத்தின் முதிர்ச்சியே.

இவ்வுண்மைக்குச் சுந்தரமூர்த்தி நாயனார் வரலாறே சான்று. மணப்பந்தரில் முதிய அந்தணராய் வந்த இறைவன் ஓலை காட்டி, நீ எனக்கு அடிமை என்றபோது, அந்தணர் அந்தணர்க்கு அடிமையாதல் உலகில் இல்லாதது என்று அவர் மறுத்தார். குலத்தைக் காட்டி மறுத்த அவரே, பின்னர்த் திருவாரூரிற் பாடியருளிய திருத்தொண்டத்தொகையில், தனியடியார் அறுபதின்மரையும் தொகையடியார் ஒன்பதின்மரையும் எண்ணி, அவர் ஒவ்வொருவர்க்கும் தம்மை அடியேன் என்றார். அவருள் தில்லைவாழந்தணரும் உளர்; வேடர் குலத்துக் கண்ணப்பரும் உளர்; ஏகாலியர் குலத்துத் திருக்குறிப்புத்தொண்டரும் உளர்; புலையர் குலத்துத் திருநாளைப்போவாரும் உளர்; பாணர் குலத்து யாழ்ப்பாணரும் உளர். அந்தணனாகிய யான் அடிமையாவதோ என்று தொடங்கிய வாழ்வு, புலையராகிய அடியார்க்கும் அடியேன் என்று நிறைவெய்திற்று. அப்பாடலைச் சொல்லும்படி அவரை மனிதர் யாரும் வற்புறுத்தினாரல்லர். தேவாசிரிய மண்டபத்து அடியார் கூட்டத்தை வணங்காது சென்றாரென விறன்மிண்டர் அவரைக் கடிந்து விலக்கினார். அவரும் தமக்கு வணக்கம் வேண்டினாரல்லர், அடியார் கூட்டத்தின் பெருமை பற்றியே கடிந்தார். பாடலோ திருவருள் உள்நின்று உணர்த்த நாயனார் நெஞ்சினின்றும் எழுந்தது. திருத்தொண்டத்தொகையைப் பாராயணஞ் செய்வோம் யாம், அவற்றுட் குறித்த குலத்தார் ஒருவர் எதிர்ப்படின் எவ்வாறு அழைக்கின்றோம் என்பதை நம் நெஞ்சையே வினவுதல் வேண்டும். ஓதும்போது அடியேன் என்று, தெருவில் நிற்கும்போது அவரை ஏவற்சொல்லால் அழைப்போமாயின், நாம் ஓதியது இசையேயன்றிப் பொருளன்று.

இனி, உயர்சொல்லைப் பெறுவார் கடமை யாதெனக் காண்பாம். இராமலிங்க அடிகள் பாடல்களைத் தொகுத்து அச்சிடும் முயற்சி நடந்தபோது, இறுக்கம் இரத்தின முதலியார்க்கு எழுதிய கடிதத்தில், தம்மை இராமலிங்கசாமி என வழங்குவிப்பது தமக்கு உடன்பாடன்றென்றும், அஃது ஆரவாரமாகத் தோன்றுகின்றதென்றும் அவர் அறிவித்தார். 1867 ஆம் ஆண்டு முதல் நான்கு திருமுறைகளும் வெளிவந்தன. அன்பர்கள் அவரை வள்ளலார் என்றும் அடிகள் என்றும் இன்றளவும் போற்றிவருகின்றனர். இதில் முரண்பாடில்லை. மறுத்தல் அவர்க்கு அறம். போற்றுதல் அன்பர்க்கு அறம். சொல்லின் இடவரையறை இருபுறத்தும் காக்கப்பட்டது. அவர் விரும்பிக் கேட்டிருந்தால் அச்சொல் அவரைச் சிறிதாக்கியிருக்கும். மறுத்தமையால் அவர்பால் நன்கு பொருந்திற்று.

அற்றேல், மறைமலையடிகள், ஞானியாரடிகள் என்றாற்போலத் துறவியர் பெயரோடே இச்சொல் ஒட்டி வழங்குவதும், அவர்தாமே அதனைக் கையாள்வதும் குற்றமாமோ எனின், ஆகாது. சுவாமி வேதாசலம் என்பது மறைமலையடிகள் எனத் தமிழாயினமை போல்வன, துறவுநிலைக்குரிய மரபுப்பெயர்கள். அவை ஒருவர் தம்மைத் தாமே வியந்துகொண்ட சிறப்பன்று. தாம் மேற்கொண்ட நிலையை நாடோறும் தமக்கு நினைப்பிக்குங் கடப்பாடு. பெயர் அங்ஙனம் கடப்பாடாய் இருக்குந்துணையும் அது தூய்மையுடையது. பெருமையாய் மாறும்போது அதுவே மாசு. இவ்வேறுபாடு அவரவர் நெஞ்சிற்கே தெரியும்; புறத்தார் அளந்து தீர்ப்பளித்தல் முறையன்று.

இக்காலத்து அழைப்பிதழ்களிலும் அறிக்கைகளிலும் உயர்சொற்கள் ஒன்றன்மேலொன்றாக அடுக்கப்படுகின்றன. ஒருவர்க்கு ஓரடை குறையின் வருத்தமும், மற்றவர்க்கு ஓரடை மிகின் பொறாமையும் நிகழக் காண்கின்றோம். பொன்னை மிகுதியாகக் கலந்தால் அணியின் மாற்று உயரும். சொல்லை மிகுதியாக அடுக்கினால் அதன் மாற்றுக் குறையும். பத்து அடைகளிட்டு நிமிர்ந்து நின்று அழைப்பதினும், ஒரே சொல்லை வணங்கிச் சொல்லுதல் மேலாம். சேரர்பெருமான் வண்ணானுக்குச் சிறப்புப்பெயர் எதனையும் இட்டாரல்லர், தம்மை அடிச்சேரன் என்றார், அவ்வளவே. பிறரை உயர்த்தற்கு எளிய வழி தாம் தாழ்தலே என்பதை அவர் ஒருசொல்லாற் காட்டினார்.

இதுகாறுங் கூறியவாற்றாற் போந்த முடிபு இது. அடிகள் என்னுஞ் சொல்லைப் பிறர்க்கு அன்போடு வழங்குக. வேடத்தாலேனும் தவத்தாலேனும் திருவருள் விளங்குமிடமெல்லாம் அதற்கு இடமாம். தமக்கென அதனை வேண்டற்க. வந்தவிடத்து அஞ்சி, திருவடிக்கே உரியதாக்குக. அடியேன் என்னுஞ் சொல்லைத் தம் வாயாற் கூறுக. பிறர் வாயில் அதனைத் திணியற்க. பிறரொருவர் அச்சத்தால் அதனைக் கூறக் கேட்பின், சேரர்பெருமான் செய்தாங்கு, தாம் அதனை முற்பட ஏற்று, அவரை அச்சத்தினின்றும் விடுவிக்க. அடி ஒன்றே, அது சிவபெருமானது. அதன் கீழ்ப்பட்டார் யாவரும் அடியர். அவருள் ஒருவர் மற்றொருவர்க்கு ஆண்டானாதல் யாண்டுமில்லை.

திருச்சிற்றம்பலம்.